அகிஹாபராவில் ஒரு நினைவு வைத்தியர்

பிறநாடு செல்வோருட் பலர் கோயில்களையும் கோபுரங்களையும் காணச் செல்வர். சிலர் வாணிபத்தின் பொருட்டுச் செல்வர். யப்பான் தேசத்துத் தலைநகராகிய டோக்கியோவுக்கு வேறொரு கருமமாகச் சென்ற நாம், அங்குள்ள அகிஹாபரா என்னும் கடைவீதியைத் தேடி அலைந்தது ஒரு நோயாளியை வைத்தியரிடங் காட்டுதற்காகவே. நோயாளி மனிதரல்லர், ஓரடி நீளமும் இரண்டங்குலப் பருமனுமுள்ள பழைய கணினியொன்று. அதற்குற்ற நோய் மறதி.

அந்தக் கணினி எம் பெரியப்பாவுடையது. அவர் கப்பல்களிற் கம்பியில்லாத் தந்தி அதிகாரியாகப் பல்லாண்டு பணியாற்றியவர். 1984 ஆம் ஆண்டிலே துறைமுக நகரொன்றில் அதனை விலைக்கு வாங்கி, கப்பலினின்று இறங்கிய பின்னரும் கைவிடாது வைத்திருந்தார். மாலை வேளைகளில் முன்விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, பொறியை மடிமீது வைத்துத் தட்டிக்கொண்டிருப்பார். அதிலே தமிழெழுத்து இல்லையாதலால், தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதினார். தம் தாயார் சொல்லக் கேட்ட குடும்ப வரலாற்றைத் தாம் எழுதி வருவதாக ஒருமுறை எம்மிடங் கூறியதுண்டு. 2016 இல் அவர் காலமானார். எழுதியதை அவர் எவருக்கும் வாசித்துக் காட்டவில்லை, தாளில் அச்சிடவுமில்லை. யாவும் அப்பொறியினுள்ளேயே கிடந்தன.

பெரியம்மாவுக்கு அதனை இயக்கத் தெரியாது. ஆயினும் ஒரு கடமையை மட்டும் அவர் ஒருபோதுந் தவறவிட்டதில்லை. பொறியின் அடிப்புறத்திலே பெரியப்பா தம் கையால் எழுதி ஒட்டிய சிறு தாளொன்று உண்டு: ‘முதலிற் சுவர் மின்னை இணை. பின்பு பற்றரிகளை மாற்று. ஒழுங்கை மாற்றாதே.’ இரண்டு மாதத்துக்கொருமுறை நாட்காட்டியிற் குறித்து வைத்து, அவ்வொழுங்கின்படியே விரற்பருமனுள்ள நான்கு பற்றரிகளையும் அவர் மாற்றி வந்தார். சுவர் மின்னை இணைக்கும் சிறு பெட்டி ஒருநாட் புகைந்து பழுதாயிற்று. அதன்பின் பற்றரிகளை மாற்ற அவருக்குத் துணிவு வரவில்லை. பழுதுபார்க்கும் இரு கடைகளுக்குக் கொண்டுசென்றபோது, இரண்டு இடத்திலும் முதற்காரியமாகப் பற்றரிகளைக் கழற்ற முற்பட்டார்களாம். பெரியம்மா பறித்துக்கொண்டு வந்துவிட்டார்.

நாம் யப்பானுக்குப் புறப்படுகின்றோம் என்று கேள்வியுற்றதும், பழஞ் சேலைத் துண்டொன்றிற் சுற்றி அதனை எம் கையிலே தந்தார்.

“தம்பி, உதுக்குள்ளைதான் உங்கடை பெரியப்பா இருக்கிறார். பற்றரியை மட்டும் கழட்ட விட்டிடாதை,” என்றார்.

பொறிக்கும் பற்றரிக்கும் உள்ள உறவை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். 1983 ஆம் ஆண்டில் யப்பானியக் கம்பனியாகிய கியோசெரா, மடிமீது வைத்து இயக்கத்தக்க கணினியொன்றை உருவாக்கிற்று. அமெரிக்காவில் மொடல் 100 என்றும், இத்தாலியில் ஒலிவெற்றி எம் 10 என்றும், யப்பானில் நெக் பிசி 8201 என்றும் வெவ்வேறு பெயர்களோடு அக்குடும்பத்துப் பொறிகள் விற்பனையாயின. அதற்குரிய செய்நிரலிற் பெரும்பகுதியை எழுதியோருள் பில் கேற்ஸ் அவர்களும் ஒருவர். வரிக்கு நாற்பது எழுத்தாக எட்டு வரிகள் காட்டும் சிறு திரை, நல்ல விசைப்பலகை, மொடல் 100 இல் தொலைபேசி வழியே செய்தியனுப்புங் கருவியும் உள்ளடங்கியிருந்தது. வெளியூர் சென்று செய்தி எழுதும் பத்திரிகையாளர் பலர் அதனை விரும்பி வைத்திருந்தமைக்கு இவையே காரணம். பெரியப்பாவின் பொறியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இக்காலக் கணினியில் எழுதியதைச் சேமித்துவிட்டால், மின்சாரம் அற்றாலும் அது கிடக்கும். அக்காலப் பொறியிலோ தட்டு இல்லை, நாடா இல்லை. எழுதியதெல்லாம் நினைவகச் சில்லுகளிலே மின்னோட்டத்தின் தயவால் நிற்பது. கோயிற் கருவறையில் எரியும் தூண்டாமணி விளக்கை ஒத்தது எனலாம். நெய் உள்ளளவும் சுடர் நிற்கும். நெய் வற்றினாற் சுடரும் இல்லை. வேண்டிய மின்னோட்டம் மிகச் சிறிது. ஆனால் அஃது ஒரு கணமும் அறுதலாகாது.

நான்கு பற்றரிகளும் சேர்ந்து ஆறு வோல்ற் மின்னழுத்தந் தரும். அவற்றை மாற்றும் பொழுதில் நினைவகத்தைத் தாங்குதற்கென்றே, உள்ளே மின்பலகைமீது நிக்கல்-கட்மியக் கலத்தொகுதியொன்று ஈயத்தால் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 1.2 வோல்ற் வீதம் மூன்று கலங்கள்; ஆக 3.6 வோல்ற். வெளிப் பற்றரியிலிருந்தோ சுவர் மின்னிலிருந்தோ இது சிறுகச் சிறுக மின்னேற்றம் பெற்று நிற்கும். புதிதாயிருக்கையிற் பல நாட்கள் தனித்து நின்று நினைவைக் காக்க வல்லது. ஆயினும் கலங்களுக்கும் ஆயுள் உண்டன்றோ? நாற்பதாண்டு கழிந்தபின் அக்கலம் உயிரோடிருக்கும் என எதிர்பார்த்தல் பேதைமை. அது செத்து நெடுங்காலம் ஆயிற்று என்பதைப் பெரியப்பா உணர்ந்திருந்தார். அவர் எழுதி ஒட்டிய அந்த மூன்று வரியின் பொருள் இதுவே.

அகிஹாபரா நிலையத்திலே ‘மின்னகர வாயில்’ என்று பெயரிட்ட வழியால் வெளிப்போந்தோம். எம்முடன் மொழிபெயர்ப்புத் துணையாக அங்குப் பயிலும் எம் நாட்டு மாணவரொருவர் வந்தார். வழியிலே அவ்விடத்தின் வரலாற்றை அவர் எடுத்துரைத்தார்.

1869 ஆம் ஆண்டிலே அப்பகுதி பெருந்தீயால் அழிந்தது. தீ இனிப் பரவாதிருக்க வேண்டி வெளியாக விடப்பட்ட அந்நிலத்திலே, அடுத்த ஆண்டு தீத்தடுப்புக் கோயிலொன்று எழுந்தது. மக்கள் அதனை அக்கிபா என்னுந் தெய்வத்தின் கோயிலெனக் கருதி, அவ்வெளியையும் அப்பெயராலே வழங்கினர். 1890 இல் அவ்விடத்திற் சரக்குப் புகைவண்டி நிலையம் அமைந்தது. 1925 இலிருந்து பிரயாணிகளும் ஏறியிறங்கினர். இரண்டாம் உலகயுத்தத்தின் பின், அண்மையிலே கந்தாவில் இருந்த மின்பொறியியற் கல்லூரி மாணவர் உதிரிப்பாகங்களை வாங்கி வானொலிப்பெட்டி செய்து விற்கலாயினர். அதனால் வீதியோரமெங்கும் வானொலி உறுப்பு விற்கும் கடைகள் பெருகின. 1949 இல் நேசநாட்டு இராணுவத் தலைமையகம் வீதிக்கடைகளை அகற்றுமாறு பணிக்கவே, வணிகர் ஒருசேரப் புகைவண்டி மேம்பாதையின் கீழே ஒதுங்கினர். அங்ஙனம் உருவானதே ‘றேடியோ சென்ரர்’ என்னும் சந்தை.

நிலையத்துக்கு எதிரே நிற்கும் உயர்ந்த மாளிகை ‘றேடியோ காய்கான்’, அதாவது வானொலி மன்றம். பழைய கட்டடத்தை நீக்கி 2014 இற் புதிதாகத் திறக்கப்பட்டது. 1976 இலே நெக் கம்பனி தன் டிகே-80 என்னும் பயிற்சிக் கணினியை வாங்குவோர்க்குக் கற்பித்தற்காக இம்மாளிகையின் பழைய கட்டடத்தில் ஒரு நிலையந் திறந்திருந்தது. வீட்டுக் கணினி என்பது அந்நாட்டில் வேரூன்றிய இடங்களுள் இது முக்கியமானது. இன்றோ அதன் மாடிகளை நிரப்புவன பெரும்பாலும் விளையாட்டுப் பொம்மைகளும் படக்கதைப் பாத்திரங்களுமே. வீதியிலும் அவ்வாறே; பழைய உறுப்பு விற்கும் கடைகள் ஒடுங்கி வருகின்றன.

ஆனாற் பாதையின் கீழுள்ள அச்சந்தையினுள் நுழைந்தபோது எமக்கு ஆறுதல் உண்டாயிற்று. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய ஒடுங்கிய நடைவழி. இருமருங்கிலும் ஓர் ஆள் அமர்ந்து கைநீட்டினால் நான்கு சுவரையுந் தொடத்தக்க கடைகள். தானியக் கடையிற் பயறும் உழுந்தும் குவித்திருத்தல்போலத் தடைகளும் கொள்ளளவிகளும் சிறு தட்டுகளில் வகுத்து வைக்கப்பட்டிருந்தன. மேலே புகைவண்டி ஓடுந்தோறும் தட்டுகள் மெல்லெனக் கிலுகிலுத்தன.

நாலைந்து கடைகளில் விசாரித்தபின், கடைக்காரரொருவர் தமக்குத் தெரிந்த முதியவரொருவரிடம் எம்மை அனுப்பினார். ஓய்வுபெற்ற பொறியியலாளராகிய அவர், பின்தெருவொன்றின் மாடியறையிற் பழைய பொறிகளைத் திருத்தி வருபவர். அறை சிறிது, மேசை அதனினுஞ் சிறிது. எமது சேலைமுடிச்சை அவிழ்த்ததும், முதியவர் பொறியைத் தொடாமல் முதலில் வினாக்களையே தொடுத்தார். எம்மூர் வைத்தியர் நாடி பார்க்குமுன் நோயாளியை விசாரித்தல்போல இருந்தது.

“பற்றரியைக் கழற்றிய உடனே மறக்கின்றதா, சில நாட் கழிந்து மறக்கின்றதா?”

“கழற்றிப் பார்த்தவர் எவருமிலர், ஐயா,” என்றோம்.

தாளில் எழுதியிருந்ததை மாணவர் மொழிபெயர்த்துச் சொன்னார். முதியவர் தலையசைத்து, மாணவர் வாயிலாக எமக்கு விளக்கினார்:

“சில நாட் கழிந்து மறந்தாற் கலம் தளர்ந்தது என்று கொள்ளலாம். உடனே மறந்தாற் காரணம் மூன்று. அடிப்புறத்தில் நினைவக மின்னைத் திறக்கவும் மூடவுஞ் சிறு விசையொன்று உண்டு; அது மூடியிருக்கலாம். கலம் செத்திருக்கலாம். கலத்தினின்று செல்லும் செப்புப் பாதை அறுந்திருக்கலாம். ஆனால், உள்ளே எழுத்து இருக்கும்வரை இம்மூன்றையும் சோதிக்க முயல்வது மூடத்தனம். முதலில் எழுத்து வெளியே வரவேண்டும், பொறி பிறகு.”

அப்பொழுது பொறியின் முகத்தில், மின்குறைவைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியிருந்தமையை நாம் கண்டோம். முதியவர் நல்லதோ எனப் பார்க்கத் திரையை ஒருகணம் ஏற்றியதன் விளைவு அது. உடனே அணைத்துவிட்டார். “அணைந்திருந்தால் இன்னுஞ் சில நாள் தாங்கும், ஏற்றினால் நிமிடக் கணக்கே,” என்றார். எம் நெஞ்சு படபடத்தது.

மாணவர் மறுபடியுஞ் சந்தைக்கு ஓடி, ஆறு வோல்ற் தரும் மின்பெட்டியொன்று வாங்கி வந்தார். முதியவர் அதனைப் பொறியில் இணைக்கவில்லை. பல்மானியின் முனைகளை வைத்துப் பார்த்தார். இக்காலத்துப் பெட்டிகளிற் செருகியின் நடுமுனை பெரும்பாலும் நேர்முனையாக இருக்கும்; இக்குடும்பத்துப் பொறிக்கோ நடுமுனை எதிர்முனையாதல் வேண்டும். பாராது செருகினால், காக்கவேண்டியதை நாமே எரித்தவராவோம். கம்பிகளை வெட்டி, மாற்றி ஒட்டி, மீண்டும் அளந்தபின்னரே இணைத்தார். சிவப்பு விளக்கு அணைந்தது.

பின்பு, இருபத்தைந்து முனையுள்ள தொடர்வாயிலிற் கம்பியொன்றைப் பூட்டி, அதன் மறுமுனையைத் தம் கணினியோடு சேர்த்தார். விரைவாக அனுப்ப வசதியிருந்தும், ஓரெழுத்தும் தவறலாகாதென்று, விநாடிக்கு ஏறத்தாழ முப்பது எழுத்துச் செல்லும் மெதுவான வேகத்தையே தெரிந்தார். கோப்பின் பெயருக்கு ஆறெழுத்துக்கு மேல் இடந்தராத அப்பொறியிலே, பெரியப்பா இட்டிருந்த பெயர் ‘வமிசம்’. அதில் ஏறத்தாழப் பதினெண்ணாயிரம் எழுத்துகள். பத்து நிமிடம் வேண்டியிருந்தது. மேலே வரி வரியாய் நகர்வதை நோக்கியவாறு மூவரும் வாய்திறவாது இருந்தோம். ‘அப்பாச்சி சொன்னது’ என்று ஆங்கில எழுத்திலே தொடங்கிய முதல் வரியைக் கண்டபோது எமக்குக் கண் கலங்கிற்று. முதியவர் எம்மை நோக்காது, மூன்று வெவ்வேறிடங்களில் பிரதி எடுத்து வைத்தார்.

அதன்பின்னரே பற்றரிகளைக் கழற்றினார். கழற்றிய கணத்திலேயே பொறி யாவையும் மறந்தது. மீண்டும் மின்னூட்டியபோது, அன்று 1900 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி என்று அது கூறிற்று! மறதியுற்ற முதியோர் தம் இளமைக் காலத்தைச் சொல்வர். இதுவோ தான் பிறவாத காலத்தைச் சொன்னது.

நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். கலம் இருந்த மூலையிலே நீலமும் பச்சையுங் கலந்த பொருக்கு, பழைய செப்புக் குடத்திற் களிம்பேறினாற்போலப் படர்ந்திருந்தது. கலத்தினுள் உள்ள பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசல் கசிந்து, செப்புப் பாதைகளை அரித்ததன் விளைவு அது. நினைவைக் காக்க வைத்த கலமே, முதுமையில் நினைவுக்குச் செல்லும் பாதையைத் தின்றிருந்தது. பிரித்தெடுத்த கலத்தை அளந்தபோது பல்மானி சுழியத்தையே காட்டிற்று. “இது காய்ந்து, உள்ளே தொடர்பு அறுந்து கிடந்தமையால் நீங்கள் தப்பினீர்கள். இரு முனையும் உள்ளே ஒன்றுபட்டுச் செத்திருந்தால், வெளிப் பற்றரியின் மின்னையும் இதுவே குடித்திருக்கும்,” என்றார் முதியவர்.

கசிந்தது காரமாதலால், அமிலத்தன்மையுள்ள வினாகிரியைத் தூரிகையால் தொட்டுத் தடவிப் பொருக்கை நீக்கினார். பின் காய்ச்சி வடித்த நீராலும், அதன்மேல் மதுசாரத்தாலும் கழுவி, ஒருநாள் முழுதும் உலரவிட்டார். மறுநாட் செப்புப் பாதைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, மயிரிழை போன்ற ஒன்று அறுந்திருக்கக் கண்டு, மெல்லிய கம்பியால் இணைத்தார். புதுக் கலத்தொகுதி நிக்கல்-உலோக ஐதரைட்டு வகை, அதே 3.6 வோல்ற். அதனைப் பழைய இடத்தில் ஒட்டாமல், இரு கம்பிகளால் நீட்டிப் பொறியின் வெற்றிடமொன்றிலே பொதிந்து வைத்தார். என்றேனும் இது கசிந்தாலும் மின்பலகைமீது வடியாதிருக்க அந்த ஏற்பாடு. மின்னேற்ற முடியாத இலிதியக் கலத்தைச் சிலர் இவ்விடத்தில் ஒட்டுவதுண்டு என்றும், பொறி அதற்கும் மின்னேற்ற முயலுமாதலால் அது ஆபத்தென்றும் எச்சரித்தார்.

ஒருநாள் மின்னேற்றியபின் சோதனை நிகழ்ந்தது. கோப்பை மீண்டும் பொறியிலேற்றி, வெளிப் பற்றரிகளையும் சுவர் மின்னையும் நீக்கி, ஒரு மணிநேரம் வைத்தார், இருந்தது. ஓரிரவு வைத்தார், இருந்தது. இரண்டு நாள் வைத்தார். அப்பொழுதும் ‘அப்பாச்சி சொன்னது’ என்று திரை சொல்லிற்று. வேலைக்கும் உறுப்புகளுக்குமாகக் கணக்கிட்டுச் சிட்டை எழுதித் தந்து, கூலியை எண்ணிப் பெற்றுக்கொண்டார். அறையின் வாயிலில் எமக்குத் தாழ்ந்து வணக்கஞ் செலுத்தினார், நாமும் கைகூப்பினோம்.

காத்திருந்த நாளொன்றிலே அருகிலுள்ள கந்தா மியோஜின் கோயிலுக்குச் சென்றோம். 730 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டதென்பர். 1616 முதல் இப்பொழுதுள்ள மேட்டில் இருப்பது. அங்கே, கணினிகள் கெடாதிருக்க வேண்டிக் காப்புச் சீட்டு விற்கின்றனர்! நகைக்க எண்ணினோம், பெரியம்மாவின் சேலைத்துண்டை நினைத்து நகையாது விட்டோம். அதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

ஊர் மீண்டதும், ஆங்கில எழுத்தில் இருந்ததைத் தமிழெழுத்திற் பெயர்த்து அச்சிட்டு, பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். எவர் எவர்க்குப் பிறந்தார், எக்காணி எவருக்குச் சீதனமாய்ப் போயிற்று, கொள்ளைநோய் வந்த காலத்தில் எந்தக் குழந்தைகள் மாண்டன, அவற்றின் பெயர் யாவை — இவையனைத்தும் அதில் இருந்தன. அப்பெயர்களை அறிந்தோர் இன்று எம் குடும்பத்தில் வேறெவருமிலர். கடைசிப் பந்தி பெரியம்மாவைப் பெண்பார்க்கப் போன நாளைப் பற்றியது. ‘அவள் விளக்கைத் தூண்டிவிட்டு’ என்ற அளவில் எழுத்து நின்றிருந்தது.

பெரியம்மா சிறிதுநேரம் பேசவில்லை. பின்பு, “அது விளக்கில்லை, தம்பி. லாந்தர். அதையும் எழுதிப் போடு,” என்றார்.

எழுதினோம். இப்பொழுது பிரதிகள் பல வீடுகளில் உள்ளன, பிள்ளைகளிடமும் உண்டு. பொறியை அவசியமில்லையென்று மூடிவைக்கலாமே என்றபோது அவர் இசையவில்லை. அடிப்புறத்திலே பெரியப்பா ஒட்டிய தாளின் கீழ், நாமும் ஒரு தாள் ஒட்டியுள்ளோம்: உட்கலம் மாற்றிய ஆண்டு; ஆண்டுக்கொருமுறை திறந்து கசிவு பார்க்கவேண்டுமென்பது; சுவர் மின்பெட்டியின் நடுமுனை எதிர்முனை என்பது. வாசகர் வீடுகளிலும் இத்தகைய பழம் பொறியொன்று அலுமாரியில் உறங்குமாயின், உள்ளே எழுத்து உண்டா என முதலில் விசாரித்துப் பின்னரே பற்றரியிற் கைவையுங்கள்.

பெரியம்மாவின் நாட்காட்டியில் இரண்டு மாதத்துக்கொரு குறி இன்னும் விழுந்துகொண்டிருக்கின்றது.